இரண்டு கடிகாரக்காரம்மா

அவள் வீட்டு முன்னறையில் இரண்டு கடிகாரம் மாட்டியிருந்தாள். இரண்டுமே செங்கல்பட்டு மணியைக் காட்டாது. ஒன்று மஸ்கட் மணி. இன்னொன்று கோலாலம்பூர் மணி. நமக்குக் காலை பத்து என்றால் முதலாவதில் எட்டரை, இரண்டாவதில் பன்னிரண்டரை. நம்முடைய பத்து அந்த வீட்டில் எந்தச் சுவரிலும் இருக்காது.

எங்களுடையது லைன் வீடு. ஸ்டேஷனுக்குப் பின்புறத் தெருவில் ஐந்து வீடு வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அங்கே மிக்சி போட்டால் இங்கே அலமாரியில் டம்ளர் ஆடும். மணி தெரிய வேண்டுமென்றால் அவள் அந்தச் சுவரைத்தான் தட்டுவாள்.

"அக்கா, நம்ம ஊர்ல மணி இன்னா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் குரல் கொடுப்பார். ஸ்டேஷன் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு நடத்துகிறவர். நாள் முழுக்க ரயிலுக்கு ஓடுகிறவர்களோடு பேசிப் பேசி, வீட்டிலும் சத்தமாகத்தான் பேசுவார். "நம்ம ஊர்ல பத்து. உங்க நாட்ல எப்டிம்மா? நாஸ்தாவா, சாப்பாடா?"

"ஒரு ஊர்ல நாஸ்தா, ஒரு ஊர்ல சாப்பாடுண்ணா. எனக்குத்தான் இன்னும் ஒண்ணும் ஆகல."

கூட்டிக் கழித்தால் அவளுக்கே தெரியும். பன்னிரண்டாவது வரை படித்தவள், நான்தான் எட்டாவதோடு நின்றவள். கையில் போன் இருக்கும், அதிலும் மணி ஓடும். ஆனாலும் சுவரைத் தட்டுவாள். ஒரு நாளைக்கு ஒரு மனுஷக் குரலாவது கேட்க வேண்டும் என்று தட்டியிருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது, இந்தப் பெண்ணுக்கு வேறு வேலையில்லை என்று நினைத்தேன்.

தெருவில் அவளுக்கு 'ரெண்டு கடியாரக்காரம்மா' என்று பேர். சொந்தப் பேரை நான் எழுதப் போவதில்லை. பதினான்கு வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டேன்.

அவள் அந்த இரண்டு ஊருக்கும் போனதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவளும் அதை யாரிடமும் மறைத்ததில்லை. வீட்டுக்காரர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மாசம் வருவார். மகனை எல்கேஜி சேர்க்கிற வயசில் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தாள். அன்றிலிருந்து அவள் குடும்பம் நடத்தியதெல்லாம் போனில்தான்.

வீடியோ போட்டு அவரைக் காய்கறிக் கடைக்குள் அனுப்புவாள். சுவர் வழியாக எல்லாம் கேட்கும். "அப்டியே சைடுல காட்டுங்க. அது முருங்கைக்கீரையா? தொட்டுப் பாருங்க. வெண்டைக்காய ஒண்ண ஒடிங்க, ஒடியுதா பாப்போம். ஐயய்ய, கடக்காரன் மொறைக்கிறான், வெச்சுடுங்க." கோலாலம்பூரில் அவர் கம்பெனிக்கு ஒரு கிளை இருந்தது. அங்கே வேலை செய்த ஒருவரின் மனைவியைப் போனிலேயே சிநேகம் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மா வாய்ஸ் மெசேஜ் அனுப்ப அனுப்ப, இவளுக்கு அந்த ஊரில் எந்தத் தெருவில் தமிழ்க்கடை, சாயங்காலம் எத்தனை மணிக்கு மழை வரும், காட்டுத்தீப் புகை எந்த மாசம் ஊருக்குள் இறங்கும், ரோட்டில் நடந்தால் கைப்பையை எந்தத் தோளில் மாட்டவேண்டும், எல்லாம் அத்துப்படி.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். மஸ்கட்டில் ஞாயிற்றுக்கிழமை வேலை நாளாம். ஆராதனை வெள்ளிக்கிழமையாம். "ஓய்வு நாள்ல வேலைக்குப் போறதா? அது எப்டிம்மா மனசு ஒப்பும்?" என்று கேட்டேன்.

"நம்மளே வெள்ளிக்கிழமைதானேக்கா உபவாச ஜெபத்துக்குப் போறோம். அன்னிக்கு மட்டும் கர்த்தர் செங்கல்பட்டுக்கு வந்துட்டு, மஸ்கட்டுக்கு லீவு சொல்லிடுவாரா?"

சிரித்துவிட்டேன். சிரித்ததற்கு அன்று சாயங்காலம் மன்னிப்புக் கேட்டு ஜெபமும் பண்ணினேன்.

அவளைத் தேடி ஆட்கள் வருவார்கள். இது எப்படி ஆரம்பித்தது என்று தெரியாது. கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு நர்சு, மறைமலைநகரில் வேலை செய்கிற ஒரு வெல்டர், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று, வெளிநாடு போகிறவர்கள் ஒருத்தர் சொல்லி ஒருத்தர் வந்து நிற்பார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி. இந்த ஊரா, அந்த ஊரா, குடும்பத்தோடு இருக்க எது நல்லது?

ஒரு தடவை கேளம்பாக்கத்து ஃபிளாட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலை செய்கிற புருஷனும் பெண்ஜாதியும் காரில் வந்தார்கள். கார் எங்கள் தெருவில் திரும்ப முடியாமல் பின்னாலேயே போய் நின்றது. அந்தப் பிள்ளை மடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, வாடகை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று கட்டம் கட்டமாகக் காட்டினான். நானும் போய் உட்கார்ந்திருந்தேன். இவள் அதைப் பொறுமையாகப் பார்த்தாள். அப்புறம் தன்னுடைய கேள்விகளைக் கேட்டாள்.

"கொழந்தைக்கு ராவுல ஜுரம் வந்தா, கதவத் தட்டி யாரக் கூப்புடுவீங்க சார்?"

அவன் பெண்ஜாதியைப் பார்த்தான்.

"தொவச்ச துணி எங்க காயும்? பால்கனி வெயிலு எந்தப் பக்கம் அடிக்கும்? நீங்க வேலைக்குப் போயிட்டா இவங்க நாள் முழுக்க யாராண்ட பேசுவாங்க? இங்க யாருக்காவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா, மொகம் பாக்கறதுக்குள்ள வந்து சேர முடியுமா?"

அந்தப் பெண் லேப்டாப்பை மெதுவாக மூடிவிட்டாள். அவன்தான் மரியாதையாகக் கேட்டான். "நீங்க அங்க எத்தன வருஷம் இருந்தீங்க மேடம்?"

"இன்னும் போகல சார்," என்றாள் இவள். வெட்கமே இல்லை. நாளைக்கு மதுராந்தகம் போகிறவள் மாதிரிச் சொன்னாள்.

அவர்கள் கடைசியில் கேட்டார்கள். "அப்போ ரெண்டுல எது?"

"இதுவும் நல்லாத்தான் கீது. அதுவும் நல்லாத்தான் கீது."

எப்போதும் அதுதான் அவள் முடிவு. யாருக்கும் இன்ன ஊருக்குப் போ என்று சொன்னதில்லை. ஒரு ஊருக்கு ஒரு நல்லது சொன்னால், மறு ஊருக்கும் ஒன்று தேடி எடுத்துச் சொல்லிவிடுவாள். வந்தவர்கள் வந்தபோது இருந்ததைவிடக் குழம்பிப் போவார்கள். ஆனாலும் காபி குடித்துவிட்டு, "நல்லா யோசிக்க வெச்சீங்கம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

எந்த ஊர் என்று முடிவு சொல்லாத அந்தப் பழக்கம் அவளோடு பிறந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அது ஜெபத்தில் எங்களோடு உட்கார்ந்து அவளுக்கு வந்தது.

அவள் மகன் யுகேஜி படித்தபோது ஒரு நாள் வீட்டுக்காரர் போன் பண்ணினார். கம்பெனியில் சூப்பர்வைசர் ஆக்குகிறார்கள். மஸ்கட்டிலும் இடம் இருக்கிறது, கோலாலம்பூரிலும் இடம் இருக்கிறது. எங்கே போனாலும் குடும்பத்துக்கு விசா, வீடு. "நீயே சொல்லு. ஒரு மாசம் டைம்."

அவள் சுவரைத் தட்டவில்லை, வாசல் வழியாகவே ஓடி வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். மறுநாள் பஜாருக்குப் போய் இரண்டு கடிகாரம் வாங்கி வந்து மாட்டினாள். அவளுக்கு ஒரு யோசனை. "ஒரு வாரம் மஸ்கட் மணிக்கு இருக்கப் போறேன்க்கா. ஒரு வாரம் கோலாலம்பூர் மணிக்கு. வாழ்ந்து பாத்துட்டுச் சொல்லிடறேன்." சொன்னபடியே செய்தாள். கோலாலம்பூர் வாரத்தில் நம் ஒன்பதரை மணிக்கு மத்தியானச் சோறு. மஸ்கட் வாரத்தில் அவள் விளக்கை அணைக்கும்போது நாங்கள் பாதித் தூக்கம் முடித்திருப்போம். பையன் பள்ளிக்கூடத்தில் கொட்டாவி விடுகிறான் என்று டீச்சர் ஆள் அனுப்பினார்கள்.

பையனுக்கு வீசிங் இருந்தது. அதுதான் அவளை ஆட்டி வைத்தது. கோலாலம்பூர் என்றால் புகை. மஸ்கட் என்றால் புழுதிக் காற்று. எது அவன் நெஞ்சுக்கு ஆகும்?

வெள்ளிக்கிழமை பாஸ்டரம்மா வீட்டில் எங்களுக்கு உபவாச ஜெபம். காலை பத்திலிருந்து ஒன்று வரை. அவரவர் விண்ணப்பத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் போடுவோம். பாஸ்டரம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் படிப்பார்கள், எல்லோரும் சேர்ந்து ஜெபிப்போம். அவள் சீட்டு அந்த மாசம் முழுக்க ஒன்றுதான். 'எந்த ஊர் என்று காட்டும் ஆண்டவரே.'

பாஸ்டரம்மா, "மூணு வெள்ளி ஒருமனப்பட்டு இருப்போம்" என்றார்கள். நான் அவள் முதுகைத் தடவி, "அவசரப்பட்டுடாதேம்மா. காத்திரு. அவர் காட்டுவார்" என்றேன். உண்மையாக நம்பித்தான் சொன்னேன். இன்றைக்கும் அவர் காட்டுவார் என்றுதான் நம்புகிறேன்.

மூன்றாவது வெள்ளியும் தெளிவு வரவில்லை. சீட்டுப் போட்டுப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னவளும் நான்தான். இரண்டு ஊர் பேரையும் எழுதி வேதப் புத்தகத்துக்குள் வைத்து, ஜெபம் பண்ணி நானே எடுத்தேன். கோலாலம்பூர் வந்தது. அவள் முகம் மலர்ந்தது. சாயங்காலம் அந்த ஊர் அம்மா, புகை ஊருக்குள் இறங்கிவிட்டது, பிள்ளைகள் மூக்கை மூடிக்கொண்டு போகிறார்கள் என்று போட்டோ அனுப்பினாள். உடனே சந்தேகம். இன்னொரு தடவை எடுப்போம் என்றேன். மஸ்கட் வந்தது. இரண்டு தடவை எடுத்தது தப்போ என்று அடுத்த பயம். மூன்றாவது தடவை எடுக்கலாமா என்று பாஸ்டரம்மாவைக் கேட்டோம். அவர்கள், இன்னும் ஒரு வெள்ளி பொறுத்து எடுங்கள் என்றார்கள்.

அந்த வெள்ளி வருவதற்குள் ஒரு மாசக் கெடு முடிந்து, அவள் வீட்டுக்காரர் போன் வந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அவர் சத்தமாகப் பேசுகிறவர் இல்லை, ஆனாலும் ஸ்பீக்கரில் கேட்டது.

"இன்னும் சீட்டுதான் எடுத்துகினு கீறீங்களா?"

இவள் ஏதோ சொன்னாள்.

"வுடு. வேற ஆளுங்களப் போட்டுட்டாங்க. ரெண்டு எடத்துலயும்."

முறத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே அழுகைச் சத்தம் கேட்கும் என்று பார்த்தேன், கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து சுவரைத் தட்டினாள். "அக்கா, மணி இன்னா?"

"நாலு," என்றேன்.

அவர் மஸ்கட்டிலேயே பழைய வேலையில், எட்டுப் பேர் தங்கும் அறையில் தொடர்ந்தார். அவள் எங்கள்மேல் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. அடுத்த வெள்ளியும் வந்தாள், சீட்டும் போட்டாள். 'எந்த ஊரானாலும் சரி ஆண்டவரே' என்று எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு வருஷக்கணக்காக அதே சீட்டு. போகப் போக பாஸ்டரம்மா அதைப் பிரித்துப் படிக்காமலேயே "நம்ம தங்கச்சிக்காகவும்" என்று சேர்த்துச் சொல்லிவிடுவார்கள்.

"கோலாலம்பூரக் கழட்டிடேன்மா. அண்ணன் மஸ்கட்லதான கீறாரு," என்றேன் ஒரு நாள்.

"கழட்டினா அந்த ஊர வேணாம்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்க்கா," என்றாள்.

சபைப் பெண்கள் ஐக்கியத்தில் வருஷம் ஒரு தடவை வேன் பேசி மாமல்லபுரம் போவோம். புளிச்சோறு, அவித்த முட்டை, பாட்டு. எல்லோரும் புடவையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு அலையில் நின்று கத்துவார்கள். இவள் தண்ணீர் பக்கம் வரமாட்டாள். கட்டுமரங்கள் ஏற்றி வைத்திருக்கும் மேட்டில் தனியாக உட்கார்ந்து கிழக்கே பார்த்துக்கொண்டிருப்பாள். மீன் கூடையோடு போன ஒரு அம்மா அவளிடம் நின்றாள்.

"இன்னாமே, கடலயே பாத்துகினு கீற? வஞ்சிரம் கீது, எடுத்துக்க."

"மீனு வேணாம்மா. நேரா போனா அந்தாண்ட இன்னா ஊரு?"

"அந்தாண்டயா? தண்ணிதான் கீது."

"அதுக்கும் அந்தாண்ட?"

"அதுக்கும் அந்தாண்ட தண்ணிதான். நாங்க வல போடப் போறோம், வூடு பாக்கவா போறோம்?" கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "வூட்டுக்காரு போய்க்கீறாரா?" என்றாள்.

"அவரு இந்தப் பக்கம் இல்லம்மா. அந்தப் பக்கம்," என்று இவள் முதுகுக்குப் பின்னால் ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அப்ப ஏன் இங்க பாத்துகினு உக்காந்துகினு கீற? அப்டித் திரும்பி உக்காருவியா!" என்று சிரித்துக்கொண்டே அந்த அம்மா போய்விட்டாள். இவளும் சிரித்தாள். அப்புறம் சொன்னபடிக்கே கொஞ்சம் திரும்பினாள். முழுக்கத் திரும்பவில்லை. ஒரு தோள் கடல் பக்கம், ஒரு தோள் ரோட்டுப் பக்கம். அன்று எடுத்த போட்டோவில் எல்லோரும் நேராகப் பார்க்கிறோம், அவள் மட்டும் அப்படி ஒருக்களித்து உட்கார்ந்திருக்கிறாள்.

என் மகளுக்கும் ஊரைத் தேர்ந்தெடுக்கிற நேரம் வந்தபோது இவள் மகன் பத்தாவது முடித்திருந்தான். என் மகள் கேளம்பாக்கத்தில் வாடகைக்கு இருந்தாள். மருமகன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு பேத்தி, மூன்று வயசு. ஒரு சனிக்கிழமை மத்தியானம் மகள் குழந்தையோடு வந்து இறங்கினாள். மருமகனுக்கு இரண்டு ஊரிலிருந்து வேலை வந்திருக்கிறது, இரண்டிலும் குடும்பத்தோடு போகலாம், நாளைச் சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாள்.

என் வாயில் முதலில் என்ன வந்தது தெரியுமா? "மூணு வெள்ளி உபவாசம் இருப்போம்மா."

"அதுக்குள்ள அவன் வேற ஆளப் போட்டுடுவான்மா," என்றாள் மகள்.

அந்த வார்த்தையை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன் என்பதுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை. மகளைப் பக்கத்து வீட்டுக்குக் கூட்டிப் போனேன். தங்கச்சி கேள்வி கேட்பாள், துணி காயுமா, ஜுரம் வந்தால் யாரைக் கூப்பிடுவாய் என்பாள், பிள்ளைக்கு நிதானம் வரும் என்று நினைத்தேன்.

அவள் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"இன்னா ரெண்டு ஊரு?"

"மஸ்கட்டு ஒண்ணு, சிங்கப்பூர் ஒண்ணு, அத்த."

"நீயும் கூடப் போறியா? இல்ல அவரு மட்டும் மொதல்ல போறாரா?"

"எல்லாரும் ஒண்ணாத்தான்."

"மஸ்கட்டு. இப்பவே போன் பண்ணிச் சொல்லிடு."

மகள் திகைத்து நின்றாள். எனக்கும் புரியவில்லை. "இரும்மா, நாமளும் கொஞ்சம் ஜெபம் பண்ணி," என்று ஆரம்பித்தேன்.

"அக்கா, நீங்க வாயத் தொறக்காதீங்க."

அத்தனை வருஷத்தில் என்னிடம் அவள் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். மகள் கைப்பையிலிருந்த போனை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். "பண்ணும்மா. நான் நிக்கறேன்." மகள் அங்கேயே நின்று மருமகனோடு பேசினாள். அவரும் சரி என்றார். மொத்தமும் ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

இரண்டே மாசத்தில் அவர்கள் மஸ்கட் போய்ச் சேர்ந்தார்கள். பேத்தி அங்கே பள்ளிக்கூடம் போகிறாள். வெள்ளிக்கிழமை ஆராதனையில் பாட்டுப் பாடுகிறாள். கர்த்தர்தான் தங்கச்சி வாய் மூலமாகப் பேசினார் என்று சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். மஸ்கட்டைப் பற்றி அவளுக்கு எவ்வளவு தெரியும், எதையோ நன்றாக எடைபோட்டுத்தான் சொல்லியிருக்கிறாள் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலை பின்பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் துணி அலசிக்கொண்டிருந்தோம். அவளிடமே கேட்டேன். "எப்டிம்மா அன்னிக்கு அவ்ளோ கரெக்டா மஸ்கட்டுன்னு சொன்ன? சிங்கப்பூர் ஏன் வேணாம்னு தோணிச்சு?"

அவள் போர்வையின் ஒரு முனையை என்னிடம் கொடுத்தாள். பிழிந்துகொண்டே சொன்னாள்.

"அவ மொதல்ல மஸ்கட்டுன்னு சொன்னாக்கா. அதான் மஸ்கட்டுன்னேன். சிங்கப்பூர மொதல்ல சொல்லியிருந்தா சிங்கப்பூர்தான்."

எனக்குக் கை நின்றுவிட்டது.

"ரெண்டும் ஊருதானக்கா. ரெண்டுலயும் கொழா தொறந்தா தண்ணி வரும். ரெண்டுலயும் கொழந்தைக்கு ஜுரம் வரும், போவும். அவரு பக்கத்துல இருந்தா அவர எழுப்பலாம். அவ்ளோதான்."

அந்த நேரம் நான் சொல்லியிருக்க வேண்டும். உன்னைக் காத்திருக்கச் சொன்னது நான், சீட்டு எடுத்தது என் கை, என்னை மன்னித்துவிடு என்று. வாயைத் திறந்தேன். மாடியில் தொட்டி நிரம்பி வழிந்து இரண்டு பேர் தலையிலும் கொட்டியது. வீட்டுச் சொந்தக்கார அம்மா மேலிருந்து, "மோட்டார நிறுத்துங்கம்மா, அங்க இன்னா மீட்டிங்கா போட்டுகினு கீறீங்க?" என்று கத்தினாள். அவள் சிரித்துக்கொண்டே ஓடிப்போய் நிறுத்தினாள். நானும் சிரித்தேன். அதோடு போயிற்று.

மகன் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன வருஷம் அவள் வீட்டுக்காரர் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். சர்க்கரை, காலில் புண், இனி வேலைக்கு ஆகாது என்று அனுப்பிவிட்டார்கள். நாங்கள் எல்லோரும் போய் ஸ்தோத்திர ஜெபம் பண்ணினோம். அவள் புதுப் புடவை கட்டியிருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அந்தச் சுவர் சத்தமில்லாமல் போய்விட்டது. அத்தனை வருஷம் காலையிலும் சாயங்காலமும் கேட்ட பேச்சு, வெண்டைக்காயை ஒடியுங்கள், சட்டையைத் துவைத்தீர்களா, இருமல் நின்றதா என்ற பேச்சு, அவர் வீட்டுக்கே வந்தபிறகு கேட்கவில்லை. அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவள் உள்ளே இருப்பாள். சுவரையும் தட்டுவதில்லை.

ஒரு நாள் பேச்சு கொடுக்கலாம் என்று என் வீட்டுக்காரர் பழைய வேடிக்கையை அவரிடம் எடுத்தார். "இன்னா அண்ணாத்த, உங்க நாட்ல மணி இன்னா?" அவர் கையைத் திருப்பி வாட்சைப் பார்த்து, "ஒம்போதர" என்றார். எங்களுக்கு அப்போது பதினொன்று. அவர் வேடிக்கை பண்ணவில்லை. என் வீட்டுக்காரர் சத்தம் போடாமல் உள்ளே வந்துவிட்டார்.

"போன்ல பேசின மாதிரி நேருல வரலக்கா," என்றாள் அவள் என்னிடம். "கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. எல்லாம் எதுர்லயே கீது."

மதுராந்தகத்துக்கு அந்தாண்டை அவருடைய அப்பா வீடு ஒன்று பூட்டிக் கிடந்தது. வாடகை மிச்சம் என்று அங்கே போக முடிவு செய்தார்கள். டெம்போவில் சாமான் ஏற்றும்போது அவள் இரண்டு கடிகாரத்தையும் தானே கழற்றினாள். சுவரில் இரண்டு வட்டம் வெள்ளையாகத் தெரிந்தது. மஸ்கட் கடிகாரத்தை முந்தானையால் துடைத்து என்னிடம் கொடுத்தாள்.

"பாப்பா எழுந்துச்சா, ஸ்கூலுக்குப் போச்சான்னு பாக்கலாம். வெச்சுக்குங்க."

"இன்னொண்ணு?" என்றேன்.

அவள் அதைப் பழைய புடவையில் சுற்றிக்கொண்டிருந்தாள். "அங்க நம்ம ஆளு யாரும் இல்லியேக்கா. அது எங்கிட்டயே இருக்கட்டும்."

டெம்போ போய்விட்டது. முதல் சில மாசம் போனில் பேசினோம். அப்புறம் எடுக்கவில்லை. இப்போது அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்கிறது. பக்கத்து வீட்டில் மெடிக்கல் காலேஜில் படிக்கிற பெண்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். காதில் ஏதோ மாட்டிக்கொண்டு போகும், வரும். எங்களிடம் மணி கேட்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

மஸ்கட் கடிகாரம் எங்கள் வீட்டுச் சுவரில், அதே நடுச்சுவரில் ஓடுகிறது. மகளிடம் தினம் பேசுகிறேன். போனை வைத்தபிறகு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் வீட்டுக்காரர் ஸ்டாண்டிலிருந்து வந்து, "ஏம்மே, மணி இன்னா?" என்பார். பார்த்துச் சொல்வேன். "எந்த ஊர்ல?" என்பார்.

போன வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் நானும் ஒரு சீட்டு எழுதி டின்னில் போட்டேன். பாஸ்டரம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் படித்து வந்தார்கள். ஒருத்தர் மகளுக்கு வரன், ஒருத்தர் முட்டிவலி. என்னுடையதைப் பிரித்து, "அவளைக் காத்திருக்கச் சொன்னது நான்தான்," என்று படித்தார்கள். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்கள்.

"இதுல விண்ணப்பம் இன்னாம்மா?"

"அவ்ளோதாம்மா," என்றேன்.

எவளைச் சொல்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும். அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். பாஸ்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். சீட்டை மடித்து டின்னில் திரும்பப் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்கள்.